மிதிக்கிற இடத்தில் வைத்த சந்தனம்

சாமி,

நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்ட பிறகு அந்த வரி வரவில்லை. சுழிக்குக் கீழே பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போனில் வரும். போன வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோதுகூட வந்தது. அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி. பாதியில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

அன்றைக்கு நீ மூன்று விஷயம் சொன்னாய். மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், இரண்டு வாரம் கழித்து சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இது முதலாவது. தாரணியோடு ஒரு மாதமாகப் பேசவில்லை, ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து மோகனூர் வரை சைக்கிளில் போய்க் காவிரியில் குளித்து வருவதாக இருந்ததையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், இது இரண்டாவது. மூன்றாவதை நீ சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "ஒரு பெடல் விஷயத்துலயே அவ பேச்சக் கேட்டு லாரிக்கு முன்னால உழுந்தேன். தையில கல்யாணம் வெக்கறதா வேண்டாமான்னே யோசிக்கறேன்மா. அது இருக்கட்டும், வேற பெடல் நீயே பார்த்துச் சொல்லு. நீ எடுத்துக் குடுத்தது எதுவும் என்னக் கைவிட்டதில்ல" என்றாய். சரி சாமி, பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. சிரித்துக்கொண்டே துடைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெடலைப் பற்றி நான் படித்த கதை உனக்குத் தெரியாது. எட்டாவதோடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்தை மாத்திரை அட்டையிலும் உரமூட்டையிலும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உன் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின மாதம், நீ சனி ஞாயிறு வந்தால் வாயைத் திறந்தாலே "தாரணி சொன்னா" என்றுதான் ஆரம்பிப்பாய். டயருக்கு எவ்வளவு காற்று என்று தாரணி சொன்னாள், சீட்டு உயரம் தாரணி சொன்னாள், கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம் தின்னச் சொல்லித் தாரணி சொன்னாள். வாழைப்பழம் தின்னச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லையா? வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு போட்டு எண்ணினேன். சாயங்காலம் நீ பஸ் ஏறுவதற்குள் பதினேழு. அன்றைக்கு "அம்மா" என்று கூப்பிட்டது ஒன்பது. அதில் நான்கு, துண்டு எங்கே என்று கேட்டது.

அந்த வாரமே நான் போனில் பெடல் வீடியோக்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி, நோட்டில் எழுதிக்கொண்டேன். கிளிப்லெஸ், கிளிப் இல்லாதது, என்று பெயரை வைத்துக்கொண்டு காலைக் கவ்வுகிறதே என்று முதல் நாள் குழம்பினேன். பிறகு புரிந்தது. அந்தக் காலத்தில் பாதத்தின்மேல் கிளிப் என்கிற கூண்டும் வாரும் போட்டுக் கட்டுவார்களாம். அது இல்லாமல், ஷூவின் அடியில் கிளீட் என்கிற சின்னத் துண்டைத் திருகி, அதைப் பெடலில் அழுத்தினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்கிற மாதிரி வந்ததால் அந்தப் பெயர். குதிகாலை வெளியே திருப்பினால் விட்டுவிடும். அதில் இரண்டு ஜாதி. ஒன்று பந்தயக்காரர்கள் போடுவது. மூன்று திருகாணி, பெரிய பிளாஸ்டிக் கட்டை, கால் நன்றாகப் பதிந்து நிற்கும், ஆனால் இறங்கி நடந்தால் வாத்து நடைதான். பெடலில் ஒரு பக்கம் மட்டுமே மாட்டும். இன்னொன்றுக்கு இரண்டு திருகாணி, சின்ன இரும்புத் துண்டு. அது ஷூவின் அடிக்குள்ளேயே புதைந்திருப்பதால் டீக்கடை வரை நடந்து போகலாம், பெடலின் எந்தப் பக்கம் வந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவனுக்கு இரண்டாவதுதான் சரி என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அடுத்த வாரம் நீ வந்ததும் சொல்லலாம் என்று கேசரி கிண்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நீ வந்தாய். கையில் ஒரு பெட்டி. "எனக்குப் பந்தயப் பெடல்தாம்மா ஆசை. தாரணிதான் புடிவாதமா இத எடுத்துக் குடுத்தா" என்று பிரித்துக் காட்டினாய். இரண்டு திருகாணி ஜாதி. என் நோட்டில் அடிக்கோடு போட்ட அதே ஜாதி. அவள் தப்பாக எடுத்திருந்தால் அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சரியாக எடுத்துவிட்டாள். நோட்டை மூடி அரிசி டப்பாவின்மேல் வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய அடி நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் விழுந்தது. அவளும் அவள் அம்மாவும் ராசிபுரத்திலிருந்து பலகாரத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். போர்ட்டிகோவில் உன்னை நிற்க வைத்து, நடக்கச் சொல்லி, உன் ஷூவைத் திருப்பிப் போட்டு ஆலன் கீயால் கிளீட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் காப்பி கொண்டுவந்தேன். "அத்தை, இவருக்கு வலது குதிகால் உள்பக்கமாத் திரும்புதுங்க. கிளீட்டக் கொஞ்சம் சாய்ச்சு வெக்கலீன்னா முட்டி வலிக்கும்" என்றாள். நீ ஆச்சரியப்பட்டு, அப்படியா, எனக்கே தெரியாதே என்றாய். உனக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும். நீ பதினோராம் மாதம் எழுந்து நின்று முதல் அடி வைத்தபோதே பார்த்தேன். பத்து வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அந்தக் குதிகாலை மட்டும் வெளிப்பக்கமாக நீவிவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை, திருஷ்டி படும் என்று. எனக்கும் உன்னைப் படைத்த முருகனுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை, ஒரு பெண் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறாள். டம்ளரை அவள் பக்கத்தில் வைத்தேன். சர்க்கரை போடவில்லை. மறந்து போனதல்ல.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். அன்று காலையில் உங்கப்பா பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே பாடி கட்டி முடித்த லாரிகள் மூன்று பூஜைக்கு நின்றன. நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் வீட்டு ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். அரிவாள்மணை, மிக்சி, தையல் மெஷின், ஸ்கூட்டர், கடைசியில் உன் சைக்கிள். ஹேண்டில்பாருக்கு வைத்தேன், சட்டத்துக்கு வைத்தேன், சக்கரங்களுக்கு வைத்தேன். அதெல்லாம் உன் சம்பாத்தியம். பெடல் மட்டும் அவள் கொடுத்தது. கிண்ணத்தில் சந்தனம் இன்னும் கெட்டியாக நிறைய மிச்சமிருந்தது.

காலால் மிதிக்கிற இடத்தில் சந்தனம் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா சாமி? முப்பது வருஷமாக உங்கப்பா லாரிக்கு ஸ்டீயரிங்கில் வைத்திருக்கிறேன், பம்பரில் வைத்திருக்கிறேன். பிரேக்கை ஒருநாளும் தொட்டதில்லை. அவர் கேட்டால்கூட, அது கால் படற இடமுங்க, சாமி கோவிச்சுக்கும் என்று மறுத்திருக்கிறேன். அன்றைக்கு வைத்தேன். பொட்டாக வைக்கவில்லை. அவள் கொடுத்ததில் என் கையும் படட்டும் என்று, அந்த ஸ்பிரிங்குக்கும் கவ்வுகிற வாய்க்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினேன், நான்கு பக்கமும். மேலே மல்லிகைச் சரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நீ விழ வேண்டும் என்று நினைக்கவில்லை, முருகன்மேல் ஆணை. ஆனால் ஒன்று நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இது சரியாக மாட்டாமல் நாலு நாள் மக்கர் பண்ணட்டும், தாரணி எடுத்ததும் அப்படியொன்றும் உசத்தியில்லை என்று அவன் வாயால் வரட்டும் என்று நினைத்தேன். கற்பூரம் காட்டும்போதும் அதுதான் மனசில் இருந்தது.

நீ பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைத்துக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினாய். நான்கு நாளில் உள்ளே இருந்தது காய்ந்து இறுகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆத்தூர் ரோட்டில் போனாய். அயோத்தியாப்பட்டணத்தில் குறுக்கே ஒரு வண்டி திரும்ப, நின்றாய். கால் வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தாய். பின்னால் வந்த லாரி உன் தலைக்கு நான்கு முழம் தள்ளி நின்றதாம். டிரைவர் இறங்கிவந்து உன் முகத்தில் தண்ணீர் அடித்து, "ஏஞ்சாமி, காலக் கட்டிப்போட்டுக்கிட்டா ரோட்டுக்கு வருவாங்க? உங்கம்மா பாத்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவா" என்று திட்டினாராம். இதை நீ என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் அந்த நான்கு முழத்தை அன்றிலிருந்து தினமும் அளந்துகொண்டிருக்கிறேன்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. உன் வலது முழங்கையில் இருக்கிற தழும்புக்கு என்ன காரணம் என்று கேட்டால், நாய் குறுக்கே வந்தது என்பாய். நான் சொல்லிக்கொடுத்தது அது. உனக்கு அப்போது ஐந்து வயது. மொபெட்டில் உன்னைப் பின்னால் உட்கார வைத்து ஜேடர்பாளையம் அணைக்குப் போயிருந்தோம். தண்ணீரில் ஆடிய களைப்பில் திரும்பும்போது தூங்கி விழுந்துவிடுவாய் என்று துண்டால் உன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். எல்லா அம்மாக்களும் செய்வதுதான். ஆனால் உங்கப்பா எனக்கு லாரி முடிச்சு சொல்லிக்கொடுத்திருந்தார். தார்ப்பாய் மேல் கயிறு போடுவார்களே, அது. எவ்வளவு பாரம் ஆடினாலும் நிற்கும், நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமாக விட்டுவிடும். "முடிச்சுன்னா நிக்கறது பெருசில்ல புள்ள. அவுக்கற நேரத்துல அவுரணும்" என்பார். நான் அதைப் போடவில்லை. உருவிக்கொண்டால் என்ன செய்வது என்று மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டேன். ரோட்டில் கரும்பிலிருந்து உரித்த சோகை கிடந்தது. டயர் வழுக்கியது. நான் விழுந்த பக்கமே நீயும், எனக்கு அடியில். எழுந்திருக்கவும் முடியவில்லை, உன்னைப் பிரிக்கவும் முடியவில்லை. தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கொடுவாளால் துண்டை அறுத்தார்கள். கட்டாமல் இருந்திருந்தால் வைக்கோல் மாதிரி ஓரமாக உருண்டிருப்பான் என்று அதில் ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து, நாய் வந்துருச்சுங்க என்று உங்கப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு ஒரு நாய்மேல் பழியைப் போட்டேன். இந்தத் தடவை அது தாரணிமேல் விழுந்தபோது சும்மா இருந்தேன்.

மாவுக்கட்டோடு நீ இங்கே வந்து படுத்திருந்தாயே, உங்கப்பா சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாரே, அந்தச் செவ்வாய்க்கிழமை தாரணி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். நீ மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு, போர்ட்டிகோவில் கீழே உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, பெடல் இரண்டையும் கழற்றினாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊக்கால் நோண்டினாள். மஞ்சளாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. ஒரு துண்டு நூல் வந்தது. நாரில்லாத வாரம் நான் பூக்கட்டுகிற அதே வெள்ளை நூல். எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வாசனை ஜன்னல் வரைக்கும் வந்தது, அவளுக்கு வராமலா இருக்கும்? நான் வெளியே போனேன். கேட்கட்டும், கேட்டால் சண்டை போடலாம் என்று தயாராகத்தான் போனேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ரோட்டு மண்ணுங்க அத்தை. மழைக்கு நல்லா ஏறியிருக்கு" என்றாள்.

நானும், "ஆமாங்கண்ணு, மண்ணுதான்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு அந்தத் தாளை நான்காக மடித்தாள். குப்பைக்கூடை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதில் போடவில்லை. எழுந்து போய், நந்தியாவட்டைச் செடியின் அடியில், யாரும் மிதிக்காத மூலையில், பதவிசாகக் கொட்டிவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மண் என்று சொன்னவள், அதைக் கால் படாத இடத்தில் போட்டாள். நாற்பது வருஷமாக விளக்கேற்றுகிற நான் மிதிக்கிற இடத்தில் வைத்ததை, அவள் எடுத்துச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தாள். அதில்கூட என்னை முந்திவிட்டாள்.

நீ எழுந்தாய். உன்னால்தான் விழுந்தேன், நான் கேட்ட பெடலை எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவளைச் சொன்னாய். அடுக்களையில் எனக்குக் கேட்டது. "என் தப்புதாங்க" என்றாள். ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை காட்டிக்கொடுக்கவில்லை என்று உன் போனிலிருந்து தெரிந்துகொண்டேன். நீ பேசாமலே இருந்தாலும், கல்யாணமே நின்றாலும், சொல்லமாட்டாள் போலிருக்கிறது.

இதைப் பார்த்து நான் மனம் திருந்தி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அப்படி எழுதினால் சுழிக்குக் கீழே அதுவும் பொய்யாகும். அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே, அதை என்னால் தாங்க முடியவில்லை. உன்னை எடுத்துக்கொண்டாள், உன் குதிகாலை எடுத்துக்கொண்டாள், சாமி காரியத்திலும் என்னைவிட நல்லவளாகிவிட்டாள். உன் மானத்தைக் காப்பாற்றினால்கூடப் பரவாயில்லை, என் மானத்தை அவள் காப்பாற்றுவதா? கோயிலுக்குப் போய் முருகனிடமே கேட்டேன், இதற்கு என்ன பண்ணுவது என்று. அவர் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அவருக்கு இதெல்லாம் புதிதில்லை போல. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ என்னிடம் பெடல் கேட்டாய். இதோ சொல்கிறேன். அந்த இரண்டு திருகாணிப் பெடலையே போடு. வேறு வாங்காதே. அதில் ஒரு குறையும் இல்லை. நான் உள்ளே வைத்ததுதான் குறை. நேற்று உங்கப்பாவிடம் நாயைப் பற்றியும் சந்தனத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்ப் பெடலை எடுத்து வந்து டீசல் விட்டுக் கழுவி, கிரீஸ் வைத்துச் சைக்கிளில் மாட்டினார். பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகாணியைக் கழித்தல் குறி இருக்கிற பக்கம் கடைசிவரை திருகி ஸ்பிரிங்கை இளக்கச் சொன்னேன். முதல் இரண்டு மாதம் அப்படியே இருக்கட்டும், பழகின பிறகு இறுக்கிக்கொள்ளலாம். உன் ஷூவை என் கையில் மாட்டிக்கொண்டு பெடலில் அழுத்தினேன். டக்கென்று பிடித்தது. குதிகால் பக்கத்தை வெளியே திருப்பினேன். விட்டது. நம்பிக்கை இல்லாமல் திரும்பவும் செய்தேன். ஐம்பது தடவை செய்திருப்பேன், ஐம்பது தடவையும் விட்டது. "போதும் புள்ள, அது தேஞ்சுபோயிரும்" என்று உங்கப்பா சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

சைக்கிளைச் சனிக்கிழமை அவர் சேலம் கொண்டுவருவார். சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகு. நிற்கிற நேரத்தில் கழற்றாதே, நிற்பதற்குப் பத்தடி முன்னாலேயே கழற்று. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு உன் சைக்கிளை நான் தொடமாட்டேன். அவளையே பொட்டு வைக்கச் சொல். எங்கே வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை மடித்ததும் எனக்குப் போன் போடுவாய் என்று தெரியும். போடாதே. முதலில் அவளைக் கூப்பிடு. இந்த ஒரு வரியை எழுத அரை மணி நேரம் ஆயிற்று சாமி, வயிறு எரிகிறது, இருந்தாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மோகனூருக்கு நாள் குறியுங்கள். நம் வீடு அந்த ரோட்டில்தான் இருக்கிறது, நீங்கள் ரெண்டு பேரும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன். நிற்பதாக இருந்தால் வேப்பமரத்துக்கிட்டேயே குதிகாலைத் திருப்பிக் கழற்றிக்கொண்டு வா. நிற்காமல் போவதாக இருந்தால் காலை எடுக்காதே, அப்படியே அவளோடு மிதித்துப் போ. அவள் கையைத் தூக்கிக் காட்டினால் நானும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா